சீதனம் வாங்காத மருமகன்

வியாழன் இரவு

துபாயில் போதைப்பொருள் வழக்கில் பிடிபட்ட மருமகனின் சொத்துகளை இங்கேயும் முடக்கும்படி அந்த நாட்டிலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். இன்று பொலிஸார் மகளின் வீட்டுக்கு வந்தார்கள்.

"உம்மா, இந்த வீட்ட ஆரு கட்டின?" என்று அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்.

"என்ட மருமகன்தான். எங்கட ஒரு சதமும் இல்ல."

சீதனம் வாங்காத மருமகன் என்று ஊரெல்லாம் பெருமை பேசிய வாய், தானாகச் சொல்லிவிட்டது. அவர் எழுதிக் கையெழுத்தும் வாங்கினார்.

"நற்பிட்டிமுனை வயல வித்து சீதனமா நீங்கதானே கட்டித் தந்த? என்ட பிள்ளைகளோட நான் எங்க உம்மா போற?" என்று மகள் அழுதாள்.

விடிந்ததும் வயல் விற்ற உறுதிப் பத்திரத்தோடு பொலிசுக்குப் போவேன். ஊர் சிரிக்கட்டும். என் பொய்யைக் கேட்டவுடன் எழுதிய மனிதர், உண்மையையும் எழுத வேண்டும், யா அல்லாஹ்.