ஓபலின் அம்மாள் போடாத கையெழுத்து

அம்மா, மில்வாக்கியிலிருந்து உன் டெல்மர் வணக்கத்துடன் எழுதுகிறேன். மூட்டு வலி தேவலையா? மாத்திரையை மிச்சம் பிடிக்கிறேன் என்று பாதியாக உடைத்துப் போடாதே. நான் நலம். பனிதான் முழங்கால் வரை.

சிரிப்பான சங்கதி ஒன்று. அறுபதுகளில் இங்கே வாடகை தர மறுத்துப் போராடிய நம் கறுப்பினப் பெண்களைப் பற்றித்தானே என் ஆராய்ச்சி? அவர்களில் மிஞ்சியவர் ஓபலின் அம்மாள் ஒருவர்தான். ஆறு வாரம் அவர் பேச்சைப் பதிவு செய்தேன். அதைப் பயன்படுத்த அவர் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். முதல் நாளே நீட்டினால் மிரண்டுவிடுவார்கள் என்று கடைசியில்தான் கேட்பேன்.

கேட்டேன். "வாடகைக் கேஸுல ஜட்ஜு அதட்டியே வாங்க முடியாத கையெழுத்து, ஒனக்குச் சும்மா கெடைச்சிடுமா? அடுத்த வாரம் வா ராசா. மொதல்ல இந்தச் சோள ரொட்டியத் தின்னு" என்றார்.

அடுத்த வாரம் போனேன். கதவில் மலர்வளையம் தொங்கியது. "எங்கம்மா பேச்சு எங்களோடயே இருக்கட்டும்" என்றார் மகன்.

பன்னிரண்டு கேசட். ஒரு வரிகூட எழுதக் கூடாது. நான்கு வருட உழைப்பு போயிற்று. சாப்பிடும்போது அவற்றைப் போட்டுக் கேட்கிறேன். இந்த அறையில் பேசுகிற குரல் அது ஒன்றுதான்.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு. இத்துடன் ஒரு படிவம் இருக்கிறது. கறுப்பருக்கு ஓட்டா என்று தடுத்த காலத்தில் வாக்காளராகப் பதியப் போய் நம்மூர்ச் சிறையில் நீ இருந்த ஒன்பது நாளைப் பற்றி நான் கேட்டதே இல்லை. ஊரார் அம்மாக்களைத்தான் கேட்டேன். முதலில் கையெழுத்துப் போடு, பிறகு கேட்கிறேன்.

தபால் வண்டி வந்துவிட்டது. அடுத்த வாரம் என்று மட்டும் சொல்லாதே, அம்மா.

டெல்மர்