கவசம் இல்லாமல் வந்தவள்

சின்னவளுக்கு அப்பா எழுதுவது. அந்த மலை உயரத்தில் மூச்சுத் திணறலும் தலைவலியும் இல்லாமல் நீ தெம்பாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. உன் அக்காவுக்கு ஏழாம் மாதமே பிரசவமாகிவிட்டது, பெண் குழந்தை. இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள், அதை முதலில் மனதில் வாங்கிக்கொள். மாதம் ஒன்று ஆகிறது, சொன்னால் ஆராய்ச்சியைப் போட்டுவிட்டு இறங்கி வந்துவிடுவாய் என்று அம்மா தடுத்தாள். உன் முகாமுக்குப் போன் எட்டாது, சாமான் வண்டியில் கொடுத்தால் சேரும் என்று உங்கள் ஆபீசில் சொன்னார்கள்.

குழந்தையின் முதுகு என் உள்ளங்கை அகலம்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயோடு கிடக்கிறாள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பக்கத்தில் ஒரு எண் ஓடுகிறது, அது இறங்கும்போதெல்லாம் எழுந்து பெட்டியருகில் போய் நின்றுவிடுகிறேன். ஒருநாள் மளமளவென்று இறங்கியது, "கொஞ்சம் கூட்டி வைம்மா, காத்துக்கா பஞ்சம்" என்று நர்ஸிடம் சத்தம் போட்டேன். அவள் கூட்டவில்லை, கையை உள்ளே விட்டுப் பாதத்தைத் தேய்த்தாள், எண் மெல்ல ஏறியது. "கம்மியானாலும் ஆபத்து தாத்தா, ஜாஸ்தியானா கண்ணுக்கு ஆபத்து" என்றாள். மூச்சுக் காற்று கண்ணைக் கெடுக்குமா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வராந்தாவில் வந்து நின்றபோதுதான் உன் ஞாபகம் வந்தது. போன தடவை பட்டறையில் நான் கார் கதவில் துரு சுரண்டிக்கொண்டிருந்தபோது, "இரும்ப அரிக்கிற ஆக்சிஜன்தான்ப்பா உயிரையும் உள்ளுக்குள்ள அரிக்குது" என்றாயே. மலை உச்சி ஏரியில் வெயில் அந்த அரிப்பைப் பல மடங்காக்குமாம், நீ ஆராயும் பாக்டீரியாக்கள் சிவப்புச் சாயம் ஊறவைத்துத் தாங்குமாம், உள்ளே சேரும் நஞ்சை நொதிகளால் உடைத்துத் தண்ணீராக்குமாம், அறுந்த மரபணு இழையை உடனே ஒட்டவைக்குமாம். என்னைவிட நல்ல பெயின்டர் போலிருக்கிறதே என்று சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. குழந்தை டாக்டரை நிறுத்தி, கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கு இருக்கிற பாதுகாப்பு என் பேத்திக்கு இல்லையா என்று கேட்டேன். "எல்லாருக்கும் உண்டுங்க. ஆனா அது வயித்துல கடைசி மாசங்கள்லதான் வலுக்கும். உங்க பேத்தி அதுக்கு முன்னாடியே வந்துட்டா" என்றார்.

நேற்று அக்கா சாப்பிடப் போன நேரத்தில் கண் டாக்டர் வந்து இமையை விலக்கிப் பார்த்தார். வலது கண் பரவாயில்லை. இடது கண்ணில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர ஆரம்பித்திருக்கின்றனவாம். தானாக அடங்குவதும் உண்டு, அடங்காவிட்டால் லேசர் வைக்க வேண்டும், அடுத்த வாரம் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்கிறார். அக்காவுக்குத் தெரிந்தால் பால் நின்றுவிடும், அத்தையிடமும் (உன் அம்மாவைத்தான்) சொல்லாதீர்கள் என்று மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் பெட்டியோரம் உட்கார்ந்து, "என்னையே பாக்குறாப்பா" என்கிறாள். "ஆமாம்மா, உன்னத்தான் பாக்குறா" என்கிறேன். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே வந்துவிடுகிறேன்.

இதைத் தனியாகச் சுமக்க முடியாமல் உன்மேல் இறக்கி வைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் படிப்பில் இதற்கு மருந்து இல்லை என்று தெரியும், இருந்தாலும் நாலு வரி எழுது. வெயில் கண்ணாடி போடாமல் ஏரிக்கரையில் நிற்காதே, இன்னொருத்தி கண்ணுக்கும் பயப்பட எனக்குத் தெம்பில்லை. மிச்சமிருக்கும் என் ஆயுசில் பாதி உனக்கு, பாதி அந்தப் பெட்டிக்குள் இருப்பவளுக்கு. நன்றாயிரு.

உன் அப்பா