முழங்கால் தண்ணீர்

ஜெகதீசா,

மன்னிப்புக் கேட்டால் மேனேஜர் மறுபடி வேலைக்கு எடுத்துக்கொள்வார் என்று சொல்லியனுப்பியிருக்கிறாய். கேட்க மாட்டேன்.

துணி வாங்க வெளிநாட்டுக்காரர்கள் நம் கம்பெனிக்கு வருகிறார்கள் என்றதும் அவருக்கு மெட்ராஸ் துறைமுகத்தின் சரித்திரம் ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் கப்பல் கரைக்கு வராது, தூரத்திலேயே நிற்கும், துணி மூட்டைகள் படகில் போகும், வருகிற துரையை நாற்காலியில் வைத்துக் கால் நனையாமல் தூக்கிவந்து கரையில் விடுவார்கள் என்று வரவேற்பு நாடகத்தில் மைக்கில் படித்தார்கள். துரை வேஷம் மேனேஜருக்கு. தூக்குகிற வேஷம் நம் இருவருக்கு. கட்டிங் செக்‌ஷனில் அத்தனை பேர் இருக்க, நம் தெருவிலிருந்து மட்டும் ஏன் ஆள் எடுத்தார்கள் என்று உனக்கும் தெரியும். "ரெண்டு நிமிசம் தூக்கினு போயிடலாம் மச்சான்" என்றாய்.

கடலுக்காக விரித்திருந்த நீல லைனிங் துணியின் நடுவில் நாற்காலியை இறக்கினேன். "எறங்கி நடந்து வா சார், முயங்கால் தண்ணிதான்" என்றேன். தையல் லைன் பெண்கள் சிரித்தது மண்ணூர்பேட்டை பஸ் ஸ்டாப் வரை கேட்டிருக்கும்.

விசாரணையில் நான் மட்டும்தான் செய்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் வீட்டில் குழந்தை வரப்போகிறது. நீ பேசாமல் இரு. எனக்குப் புத்தி மட்டும் சொல்லாதே.

நாற்காலியின் இடதுபக்கம் என்னிடம் இருந்தது, வலதுபக்கம் உன்னிடம். நான் மட்டும் இறக்கியிருந்தால் அவர் உருண்டு விழுந்திருப்பார். நாற்காலி கொஞ்சமும் சாயவில்லை மச்சான்.

இப்படிக்கு,
இடதுபக்கம் பிடித்தவன்