வெளுத்த பட்டன்

மார்ச் 11, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. ஆபீஸ் ஜன்னல் ஒழுகுது. பழைய பேப்பர் அடைத்து வைத்தேன்.

வேலை: தேயிலைத் தோட்டங்களுக்குப் போகப்போகும் கைக்கருவி. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு ஒன்று. முடியாதவங்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்ற தோட்டத்து வண்டியைக் கூப்பிட ஒரே பட்டன். பச்சை. வண்டி வேறெங்காவது போயிருந்தால் அந்தப் பட்டனை என்ன செய்வது?

- மறைத்தால்: கருவி பழுதுன்னு நினைப்பாங்க.
- வெளுக்க வைத்தால்: அமுக்கினாலும் ஒண்ணும் நடக்காது, ஏன் வெளுத்திருக்குன்னும் தெரியாது.
- பச்சையாகவே விட்டு, அமுக்கினதும் ‘வண்டி வெளியே போயிருக்கு, ஆட்டோ பிடிங்க’ன்னு காட்டினால்: இதுதான் சரி.

மேலாளர் சேர் கொழும்பிலிருந்து போன் பண்ணினார், இதைச் சொன்னேன். “வண்டி இல்லைன்னு நாமளே எழுதிக் காட்டினா தோட்ட நிர்வாகம் கோவிச்சுக்கும் சுகந்தி. வெளுக்க வச்சிடுங்க. ஜனங்க பழகிக்குவாங்க.”

“சரி சேர்.” இரண்டு நிமிஷம்கூட வாதாடவில்லை. பசி. கீழே ரொட்டி தீர்ந்துவிடும்னு அவசரம்.

மார்ச் 14, வெள்ளி

வெயில். ரூமில் துணி காயப்போட்டது.

அண்ணன் போன். மஸ்கெலியாப் பக்கம் நம்ம தோட்டத்துக்கும் கருவி வந்தாச்சாம். நம்ம லயத்துக்கு அவர்தான் பொறுப்பு. கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறாராம். “என் தங்கச்சி செஞ்சதுன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்.”

அண்ணிக்கு எட்டாம் மாசம். கால் வீக்கம். மாங்காய் கேட்டாங்க. வாங்கணும்.

மார்ச் 19, புதன்

எழுத முடியல.

மத்தியானம் அண்ணிக்கு திடீர்னு ரத்தப்போக்கு. அண்ணன் பட்டனை அமுக்கியிருக்கார். வெளுத்திருந்தது. வண்டி டவுனுக்குப் போயிருந்தது, அது அவருக்குத் தெரியாது. கூப்பிட்டாச்சு, வரும்னு காத்திருந்தார். பிறகு திரும்பவும் அமுக்கினார். முக்கால் மணி நேரம். பக்கத்து வீட்டு ஆள் தானாக ஓடிப்போய் ஆட்டோ கொண்டுவந்தாராம்.

அண்ணி பிழைச்சிட்டாங்க. பிறந்தது பொம்பளைப் பிள்ளை. உயிர் இல்லை.

மார்ச் 20, வியாழன்

ஆஸ்பத்திரி வராந்தா. அண்ணன் என்னைப் பார்த்ததும் சொன்னது: “உன் மேல தப்பில்ல சுகந்தி. தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டி வெட்டி என் விரல் மரத்துப் போச்சு. கருவி அதை எடுக்கல. கட்டியிருந்த சாரத்துல துடைச்சுத் துடைச்சு அமுக்கினேன்.”

விரலை நீட்டிக் காட்டினார். வெடிப்பு, வெடிப்பில் தேயிலைச் சாயம்.

டீ வாங்கப் போறேன்னு எழும்பிப் போனேன். கோழை.

மார்ச் 21, வெள்ளி

ஆபீஸ். மூடுபனி, எதிர்க்கடை தெரியல. அண்ணன் கருவியின் பதிவை எடுத்துப் பார்த்தேன். வெளுத்த பட்டன்மேல் அமுக்கினது அறுபத்து மூன்று தடவை. ஒன்று விடாமல் பதிவாகியிருக்கு. விரலில் ஒரு குறையும் இல்லை.

சேரிடம் சொன்னேன். “ரொம்ப வருத்தமா இருக்கு சுகந்தி.” அப்புறம்: “செயல்படாத பட்டனை அமுக்கினதை எல்லாம் ஏன் பதியுது? அதை எடுத்துடுங்க. வண்டி இல்லாத நேரம் பட்டனே தெரிய வேணாம்னு நிர்வாகமும் கேக்குறாங்க.”

“நான் முதல்லயே சொன்னேன் சேர்.”

“சொன்னீங்க. ஆனா நீங்களும் சரின்னுதானே செஞ்சீங்க?”

உண்மை.

மார்ச் 23, ஞாயிறு

முதல் பஸ்ஸில் வீடு. அண்ணியைக் கூட்டிவந்துட்டாங்க. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாங்க. அண்ணன் அடுப்படியில்.

சொல்லிவிட்டேன். விரல் இல்லண்ணே. வெளுத்தா வண்டி இல்லைன்னு அர்த்தம். அதை எழுதிக் காட்டணும்னு எனக்குத் தெரியும். வேணாம்னாங்க, சரின்னுட்டேன்.

அண்ணன் தலை நிமிரல. அண்ணிதான் திரும்பாமலே கேட்டாங்க: “வெளுத்தா இல்லைன்னு அர்த்தம்னு எங்க யாருக்கு சுகந்தி தெரியும்? நீங்க உங்களுக்குள்ள பேசிக்கிட்டதுதானே?”

அண்ணன் எழும்பிப் போய் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கொப்பியும் பேனாவும் வாங்கி வந்து என் முன்னால் போட்டார். “எழுது.” அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: ‘பட்டன் வெளுத்துட்டா வண்டி வராது. காத்திருக்காம தூக்கிட்டு ரோட்டுக்கு ஓடுங்க.’ லயத்துக்கு ஒன்றாகப் பதினோரு தாள்.

ஒட்ட எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

“கீழ உன் பேரைப் போடு. எல்லாத்துலயும்.”

போட்டேன்.