என் எடைக்கு ஒரு காரணம்

12.02.2007
இன்றும் இடம்பெயர்ந்தோர் முகாமில் சிரிப்பு. "கர்ப்பிணிகள் அளவோடு, சத்தாகச் சாப்பிட வேணும்" என்று தொடங்கினேன். பின்னாலிருந்து ஒருத்தி, "அந்த அளவை நீங்கள் எங்க துலைச்சனீங்கள், மிஸ்ஸி?" என்றாள். நானும் சிரித்தேன். எண்பத்தெட்டுக் கிலோ மருத்துவமாது சத்துணவு பற்றிப் பேசினால் வேறென்ன நடக்கும்?

13.02
காலையில் எனக்கு ஐந்து இடியப்பம். தங்கை வதனிக்கு ஒன்பது. அவள் இன்னும் பள்ளிக்கூடச் சட்டைக்குள் நுழைவாள். இது என்ன நியாயம்?

20.02
பயிற்சி வகுப்பு. டொக்டர் தாஹிர் சொன்னது: உலக யுத்தத்தின்போது ஒல்லாந்தில் ஒரு பஞ்சம். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் பட்டினி கிடந்த தாய்மாரின் பிள்ளைகளில் கூடுதலானோர் வளர்ந்தபின் பருத்துப்போனார்களாம். மரபணு மாறுவதில்லை. எது வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்று அதன்மேல் ஓர் அடையாளம் விழுகிறதாம். எலிகளில் கண்டிருக்கிறார்கள், மனிதரில் இன்னும் தேடுகிறார்கள். "வெளியில பஞ்சம் எண்டு பிள்ளை உள்ளுக்கேயே அறிஞ்சு, கிடைக்கிறதைச் சேமிக்கப் பழகுது. அது மட்டும்தான் காரணம் எண்டு நினைச்சிராதீங்க" என்றார்.

நான் பிறந்தது எழுபத்து நாலில். அரிசிக்கும் பாணுக்கும் நாடே வரிசையில் நின்ற பஞ்சக் காலம்! பஸ்ஸில் தனியே சிரித்துக்கொண்டு வந்தேன்.

வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"அப்ப, நான்தான் உன்னை இப்பிடியாக்கினனான்?"

"அப்பிடியில்லை அம்மா—"

"சங்கக்கடைக் கூப்பன் அரிசியை உன்ர அப்பருக்கும் அவற்ற தம்பிமாருக்கும் ஆக்கிப் போட்டிட்டு, நான் வெறுந்தேத்தண்ணியோட படுத்தனான். மூண்டு மாசம். ஆருக்கும் சொல்லேல்லை."

குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

21.02
அம்மா என்னோடு கதைக்கவில்லை. என்ர வாய்! ஏன் சொன்னனான்?

26.02
கட்டைபறிச்சானிலிருந்து இடம்பெயர்ந்து முகாமுக்கு வந்த குணேஸ்வரிக்கு மூன்று மாதம். எடை இரண்டு கிலோ இறங்கியிருக்கிறது. தன் பங்குச் சோற்றை இரண்டு பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடுகிறாள். "உள்ளுக்கு இருக்கிறது வாய் திறந்து கேக்குமே, மிஸ்ஸி? வெளியில இருக்கிறதுகள்தான் கேக்குதுகள்."

வீட்டில் வதனிக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறு நாளுக்குப் பிறகு அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "எத்தினை மாசம்?"

27.02
விடியவே அம்மா குரக்கன் புட்டும் மீன்குழம்பும் பொதி கட்டி, சேலை மாற்றி நிற்கிறார். "நானும் வாறன்."

சோதனைச் சாவடியில் பொதியை அவிழ்க்கச் சொன்னார்கள். குழம்பு மணத்தில் சிப்பாயின் முகமே மலர்ந்துவிட்டது.

முகாமில் முதலில் பிள்ளைகள் இருவருக்கும் வயிறு நிறையக் கொடுத்தார். பிறகு குணேஸ்வரியின் அருகில் இருந்தார். "நானும் உன்னைப் போலத்தான், பிள்ளை. என்ர பங்கை மற்றவைக்குக் குடுத்தனான். அப்ப இவள் வயித்தில மூண்டு மாசம்." கையை நீட்டி என்னைக் காட்டினார். "பார்!"

முகாமே என்னைப் பார்த்தது. குணேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"சிரிக்காதை. தின்."

தின்றாள். கடைசிப் பிடி வரை. நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது, "கோவமே?" என்றார்.

"இல்லை."

"அண்டைக்குத் தெரிஞ்சிருந்தா நானும் திண்டிருப்பன்."

"அப்ப அப்பரும் சித்தப்பாமாரும்?"

"மரவள்ளியை அவிச்சுத் திண்டிருப்பினம்!"

நடுத்தெருவில் நின்று இருவரும் சிரித்தோம்.

03.04
செவ்வாய்தோறும் அம்மாவும் வருகிறார். குணேஸ்வரி மூன்று கிலோ கூடியிருக்கிறாள். நான் அரைக் கிலோ குறைந்திருக்கிறேன். தராசில் ஏதும் பிழையோ?

25.08
குணேஸ்வரிக்குப் பெண் குழந்தை. மூன்று கிலோ நூறு கிராம். அம்மாவுக்குச் சொன்னேன், "நல்லது" என்றார், அவ்வளவுதான்.

மத்தியானம் எங்களுக்குச் சோறு போட்டுவிட்டு, தனக்கும் ஒரு கோப்பையில் போட்டுக்கொண்டு வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார். இத்தனை காலமும் எல்லோரும் எழும்பிய பிறகுதான் சாப்பிடுவார். மீனை அவர் பக்கம் தள்ளி வைத்தேன். எடுத்தார்.