கடைசி அத்தியாயத்துக்குக் குரல் இல்லை

அன்புத் தங்கைக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? எனக்குத் தொண்டை கட்டிவிட்டதாக யாராவது சொன்னால் பதறாதே. அது நானே கட்டிய கதை.

பார்வை போன இந்த அம்மாளுக்கு நாவல் வாசித்துக் காட்டுவதுதானே என் வேலை. போன ஞாயிறு வந்த விருந்தாளிகளில் ஒருத்தி, "இவங்க யாரு?" என்று கேட்டாள்.

"வேலைக்காரிதான். கொஞ்சம் படிக்கத் தெரிஞ்ச வேலைக்காரி," என்றாள் அம்மாள்.

ஆயுள் முழுக்க டீச்சராக இருந்தவளை! நான் வேலை பார்த்த கான்வென்ட் சிஸ்டர்கள்கூட என்னை இப்படிப் பேசியதில்லை.

இப்போது வரும் நாவல்களில் எல்லோரும் ஜன்னலருகே நின்று பெருமூச்சு விடுகிறார்கள். இப்போது வாசித்துவந்த இதில்தான் ஒருவன் ஒழுங்காகக் கொலையாகியிருந்தான். அம்மாள் சாப்பாட்டை மறந்து கேட்டாள். கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. விருந்தாளிகள் வந்துபோன மறுநாளே கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டேன்.

"யாரு கொன்னதுன்னு மட்டும் சொல்லிடேன்," என்று நேற்று கெஞ்சினாள்.

"எனக்கும் தெரியாதும்மா," என்று கிசுகிசுத்தேன். "கடைசிப் பக்கத்தை முன்னாடியே பாக்குற பழக்கம் எனக்கில்ல."

"பொய்! அந்த டாக்டர்தானே?"

"படிக்கத் தெரிஞ்ச வேற வேலைக்காரியக் கேளுங்க."

கடைசிப் பக்கத்தைப் பார்க்கவில்லை என்றது பொய்யில்லை. புத்தகம் என் தலையணையடியில்தான் இருக்கிறது. ஆனால் தனியாகப் படித்தால், "நான் அப்பவே சொல்லல?" என்று யாரிடம் சொல்வது?

நீ படித்து முடித்த நாவல் ஒன்றை அனுப்பு. ஓரங்களில் பென்சிலால் கிறுக்குகிறாய் என்று திட்டுவேனே, இந்த முறை நிறையக் கிறுக்கி அனுப்பு.

நாளை அதே விருந்தாளிகள் வருகிறார்கள். அவர்கள் காதுபட அம்மாள், "டீச்சர், உட்காருங்க," என்று சொல்லட்டும், தொண்டை திறக்கும். இல்லையென்றால் கொலைகாரன் எங்கள் இருவரிடமிருந்தும் தப்பித்துப் போகட்டும்.

மணியடிக்கிறாள். அடிக்கட்டும்.

உன் அக்கா