எடை நிற்காத துண்டு

ஓஸ்டெண்ட, 3 நவம்பர் 2014

யோரிஸ்,
நலமாக இருப்பாய். கரை ஒதுங்கிய படகின் துண்டை அனுப்பியிருக்கிறேன். கண்ணாடி இழை போதும் என்றார் உன் அண்ணன். ஆளிச் செடியின் நாரைப் பிசினில் தோய்த்துத்தான் படகு செய்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நீ. அதில் கடலுக்குப் போன அவர் உடல்கூடக் கிடைக்கவில்லை. படகு பலமில்லாமல் உடைந்ததா, அலைதடுப்புக் கல்லில் மோதி உடைந்ததா? உன் ஆய்வுக்கூட இயந்திரத்தில் இழுத்துப் பார்த்துச் சொல். போன் செய்யாதே. உன் குரல் அப்படியே அவர் குரல், என்னால் தாங்க முடியாது.
மார்லேன்

கோர்ட்ரெய்க், 10 நவம்பர்

அன்புள்ள அண்ணிக்கு,
கோபத்திலாவது எழுதினீர்களே, அதுவே போதும். ஆளி நார் ஈரத்தைக் குடிக்கும். எடை ஒரே அளவில் நின்ற பிறகுதான் இழுக்க வேண்டும் என்பது எங்கள் விதி. இதன் எடை நிற்க மாட்டேன் என்கிறது. உலர்ந்த அறையில் வைத்தும் ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது, தூங்குகிறவர் மார்பு மாதிரி. எனக்குப் பயமாக இருக்கிறது. திருப்பி அனுப்பட்டுமா?
உங்கள் யோரிஸ்

ஓஸ்டெண்ட, 14 நவம்பர்

யோரிஸ்,
சாக்குச் சொல்லாதே. உன் தப்பு வெளியே வந்துவிடும் என்றுதானே பயம்? இழு. எனக்கு ஒரு முடிவு வேண்டும். இன்னும் மேசையில் இரண்டு தட்டு வைத்துவிட்டு ஒன்றை எடுத்துவிடுகிறேன்.
மார்லேன்

கோர்ட்ரெய்க், 18 நவம்பர்

அன்புள்ள அண்ணிக்கு,
இன்று காலை இழுத்தேன். நார் அறும் சத்தத்தைக் கேட்க மைக் ஒட்டுவோம். பாதி பாரத்தில் கேட்டது நார் அறும் சத்தம் இல்லை. யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார்கள். நிறுத்திவிட்டேன், ஆனால் துண்டு இன்னும் பிடியில் இழுபட்டபடிதான் இருக்கிறது. நாளை காலை அறும்வரை இழுத்து முடிக்கிறேன். என் படகு அண்ணனைக் கொல்லவில்லை என்று எனக்கும் தெரிய வேண்டும், அண்ணி. மைக்குக்கு இடைஞ்சல் என்று போனை அணைத்து வைத்திருக்கிறேன்.
உங்கள் யோரிஸ்

ஓஸ்டெண்ட, 18 நவம்பர், மதியம்

யோரிஸ் கண்ணா,
உன் அண்ணன் வந்துவிட்டார்! காலையில் கதவைத் தட்டினார். எங்கே இருந்தார் என்று சொல்லவில்லை. எத்தனை சட்டை மாற்றினாலும் நனைந்துவிடுகிறது. இறால் சூப் இரண்டு கிண்ணம் குடித்தார். நெஞ்சு வலிக்கிறதாம். "யோரிஸ் பய என்னை ரெண்டு பக்கமும் புடிச்சு இழுக்குறான் மார்லேன், விடச் சொல்லு" என்கிறார். துண்டு உன்னிடம் இருப்பதை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

உன் போன் அணைந்தே கிடக்கிறது. நேரில் வரலாமென்றால் என் கையை விட மாட்டேன் என்கிறார். எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்து இதைத் தபாலில் போடச் சொல்கிறேன், நாளை மறுநாள் உன் கையில் கிடைத்துவிடும். உன்மேல் எந்தக் கோபமும் இல்லை. கழற்றிவிடு, இழுக்காதே.

நாளைக் காலைச் சாப்பாட்டுக்கு இரண்டு தட்டு வைத்துவிட்டேன்.
அன்புடன்,
அண்ணி மார்லேன்